மானுக்கு விருந்து வைக்கலாமா?

போன மாதம் நம் இதழின் வாசகர் ஒருவர் போன் செய்தார். சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஊத்துக்கோட்டைப் பக்கம் காப்புக்காட்டை ஒட்டி 5 ஏக்கர் வாங்கியிருக்கிறாராம். ரசாயனம் ஒரு துளி கூட உள்ளே வரக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார், சந்தோஷம். கடைசியில் ஒன்று கேட்டார். "சார், நம்ம நிலத்துக்கு மான் வரணும். என்ன மரம் நட்டா வரும்? என்ன தீவனம் போட்டா அங்கயே நிக்கும்?" அமெரிக்காவில் காட்டு மானுக்கென்றே தனியாகத் தீவன வயல் போடுகிறார்களாம், வீடியோவில் பார்த்தாராம்.

போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. இதழிலேயே எழுதிவிடுகிறேன் என்றேன். இந்த ஆசை நம்மில் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. அந்த ஆசையால் ஓர் உயிர் போயிற்று. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே காப்புக்காட்டு ஓரமாக நாலரை ஏக்கர் வாங்கி இயற்கை வழியில் பயிர் செய்துகொண்டிருக்கிறேன். 2019 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூண்டி, செங்குன்றம் ஏரிகள் எல்லாம் தரை தெரிந்த வருஷம். சென்னையில் ஜனங்கள் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். காட்டுக்குள் குட்டைகள் அதற்கு முன்பே வற்றிவிட்டன. வைகாசி மாதம் ஒரு நாள் விடியற்காலை மோட்டார் போடப் போனேன். வரப்பு வாய்க்காலில் இரண்டு புள்ளிமான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அன்றைக்கே வீட்டு வாசலுக்கு எதிரே சிமென்ட் தொட்டி வைத்தேன். அகத்திக் கிளை ஒடித்துப் போட்டேன். மாட்டுக்கு வளர்த்த கோ-4 தீவனப்புல்லில் ஒரு பாத்தியை மானுக்கென்று விட்டேன். பதினைந்து நாளில் ஏழெட்டு மான் தினமும் ராத்திரி வர ஆரம்பித்தது. பேரப்பிள்ளைகளுக்குப் போட்டோ அனுப்பினேன். பெரிய சாதனை மாதிரி இருந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நாள் வந்து நின்றார். போர்த் தண்ணீரை நம்பி வேர்க்கடலை போட்டிருந்தார். "இன்னா சார், நீங்க வெச்ச விருந்துக்கு எங்கொல்லையில பந்தி நடக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். வளர்ந்த செடியின் கொழுந்தையெல்லாம் வரிசையாக மேய்ந்திருந்தது. அந்த வருஷம் இரண்டு மூட்டைக் கடலைக்கு நான்தான் பணம் கொடுத்தேன். வட்டி கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

அதோடு நிற்கவில்லை. நம் தொழிற்பேட்டைப் பகுதியில் நாய்க்குப் பஞ்சமில்லை. இறைச்சிக் கடைக் கழிவு, ரோட்டோர ஓட்டல் மிச்சம், தொழிலாளர் குடியிருப்புக் குப்பை என்று தின்று, கூட்டமாகத் திரிகின்றன. மான் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது போலவே நாயும் தெரிந்துகொண்டது. ஒரு விடியற்காலை ஐந்தாறு நாய்கள் ஒரு பெண் மானைத் துரத்தின. அது காட்டுப் பக்கம் திரும்ப வழியில்லாமல் என்னுடைய முள்கம்பி வேலியில் போய் விழுந்தது. நாயை விரட்டி, வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சினையாக இருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த கால்நடை மருத்துவர் சொன்னார்: "காயம் பெருசா இல்ல சார். ஓடின ஓட்டத்துலயும் பயத்துலயும் செத்துருக்கு." துரத்தப்பட்ட மானுக்குத் தசை சிதைந்து, இருதயம் நின்றுபோகும். கடியே படாமல் தப்பித்த மான்கூட மறுநாள் செத்துக் கிடக்கும் என்றார்.

எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் இருளர் பெரியவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "மானு வர்றது இன்னா சார் கஷ்டம். உசுரோட திரும்பிப் போவணும், அதான் கஷ்டம்."

அதற்குப் பிறகுதான் மான் என்ன தின்னும், எப்படி வாழும் என்றே படிக்க ஆரம்பித்தேன். கடன் கொடுத்துவிட்டுப் பத்திரம் சரிபார்த்த கதை.

எந்த மான்?

நம் பக்கம் வயலுக்கு வருவது புள்ளிமான். வெளிமான் வேறு. முறுக்குக் கொம்பு உள்ள அது கிண்டியிலும், கோடியக்கரையிலும், தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டிலும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் மரம் நடக் கிளம்பினால் தீமையில் முடியும்.

புள்ளிமானுக்கு மரநிழலும் வேண்டும், பக்கத்தில் புல்வெளியும் வேண்டும். காடும் திறந்தவெளியும் சேருகிற ஓரம்தான் அதன் வீடு. வெளிமான் பெயரிலேயே வெளி இருக்கிறது. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடித் தப்பிக்கிற பிராணி. அதன் புல்வெளியில் மரத்தை நட்டால் அது போய்விடும். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே வெளிமான் அதிகம் நம்பியிருந்தது போலோ மைதானம் என்கிற புல்வெளியை. புதர் மண்ட மண்ட வெளிமானுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. கோடியக்கரை சரணாலயம் 1967-ல் வெளிமானுக்காகவே ஏற்பட்டது. அங்கே சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் புகுந்தது. பசிக்கு வெளிமான் அதன் காயைத் தின்கிறது, கொட்டை சாணத்தோடு விழுந்து இன்னும் பரவுகிறது. தன் வீட்டை அடைக்கும் மரத்தைத் தானே விதைக்கிறது, பாவம்.

ஆகவே மேய்ச்சல் தரிசைப் பார்த்ததும் 'வெறுமனே கிடக்கிறது, மரம் நடுவோம்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் சிப்காட்டுக்குப் போனபோது ஊர் ஜனங்கள் போராடியது நினைவிருக்கும். 'இது எங்கள் மேய்க்கால், எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிற இடம்' என்பதுதான் அவர்கள் வாதம். காகிதத்தில் புறம்போக்கு என்று எழுதியிருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மாட்டுக்கும் மானுக்கும் அதுதான் சாப்பாட்டுத் தட்டு.

எதைத் தின்கிறது?

புள்ளிமான் முதலில் புல் மேய்கிற பிராணி. மழை பெய்து புல் தளிர்த்திருக்கும் வரை அதற்கு வேறெதுவும் பெரிதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் எந்த மரத்தை வைத்தாலும் வராது. மாசிக்குப் பிறகு புல் காய்ந்து நார் ஆனதும் தழைக்கும், உதிர்ந்த பூ, காய், பழத்துக்கும் மாறுகிறது. நமக்குப் பிரச்சினையும் அப்போதுதான், வாய்ப்பும் அப்போதுதான். காட்டில் எதுவும் இல்லாத அந்த நாலு மாதம் தரையில் எது விழுந்து கிடக்கும் என்று பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இலுப்பை பங்குனி, சித்திரையில் பூக்கும். ராத்திரி உதிரும் பூவில் சர்க்கரை அதிகம்; மான், கரடி முதல் மாடு வரை தேடி வரும். கருவேல நெற்று பங்குனியிலிருந்து விழும், ஆட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்காப்புளியும் அதே காலம்தான். நாவல் ஆனி, ஆடியில். இலந்தையும் காட்டு நெல்லியும் பனிக்காலத்தில். ஆல், அரசு, அத்தி மூன்றும் தனி ரகம்: ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நேரத்தில் பழுக்கும். நாலு மரம் இருந்தால் ஏதோ ஒன்றில் பழம் இருக்கும். (ஆலைக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.) தூங்குமூஞ்சி மரத்தின் இனிப்புக் காயையும் மான் விரும்பும், ஆனால் அது வெளிநாட்டு மரம், சாலையோரத்தில் இருப்பதே போதும்.

நெல்லியைப் பற்றி ஒரு சேதி. மான் நெல்லிக்காயை முழுசாக விழுங்கும். பிறகு நிழலில் படுத்து அசை போடும்போது கெட்டியான கொட்டையை மட்டும் வெளியே துப்பிவிடும். அப்படித்தான் காட்டில் நெல்லி இடம் மாறுகிறது. நாம் மானுக்கு மரம் நடுகிறோம் என்று பெருமைப்படுகிறோம். அது நமக்கு முன்னாலிருந்தே நட்டுக்கொண்டிருக்கிறது.

புல்லில் கோ-4, கோ-5 வேண்டாம். பசு மாட்டுக்கு நல்ல தீவனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் தண்ணீர் பாய்ச்சி ஒரே இடத்தில் பச்சையாக வைத்தால் மான் கூட்டத்தை ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போல் ஆகும். நான் செய்த தப்பு அதுதான். கொழுக்கட்டைப்புல், அருகு இரண்டும் நம் மண்ணில் தானாகவே வரும். உழாமல், தீ வைக்காமல், ஒரு வருஷம் மாட்டை விடாமல் வைத்தால் விதை விழுந்து பரவும். சவுண்டலைக் காட்டோரம் கொண்டுபோகவே கூடாது. அதன் விதை பரவினால் பிறகு சீமைக்கருவேலத்துக்குப் பட்ட பாட்டை இன்னொரு முறை படவேண்டும்.

அரிசி, சோறு, கோதுமை, பிரெட் எதுவும் கூடாது. அரிசி மூட்டையில் வாய் வைத்த மாடு வயிறு உப்பிச் சாவதைப் பார்த்திருக்கிறீர்கள்; அசை போடும் மானுக்கும் அதே வயிறுதான். அடையாறு கிளையில் வேலை பார்த்த காலத்தில், மானுக்கு பிஸ்கட்டைக் கவரோடு நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிண்டி வட்டாரத்தில் செத்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாகப் பலமுறை செய்தி வந்தது.

அமெரிக்க வீடியோ

நண்பர் பார்த்த வீடியோவுக்கு வருகிறேன். அங்கே வெள்ளைவால் மானுக்கு க்ளோவர், டர்னிப் எல்லாம் விதைப்பது உண்மை. எதற்கு? பெரும்பாலும் வேட்டைப் பருவத்தில் மான் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வரவேண்டும் என்பதற்கு. அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது, பிடிப்பது, வளர்ப்பது எல்லாமே குற்றம். ஆக நோக்கமே வேறு.

இன்னொன்றும் உண்டு. அங்கே மானுக்கு உடல் மெலிந்து சாகிற ஒரு கொடிய நோய் பரவிக்கொண்டிருக்கிறது. எச்சில், மூத்திரம் வழியாகத் தொற்றும், மருந்து கிடையாது. ஒரே தொட்டியில் பல மான் வாய் வைத்தால் வேகமாகப் பரவும் என்று பல மாநிலங்களில் தீவனம் வைப்பதற்கே தடையோ கட்டுப்பாடோ போட்டிருக்கிறார்கள். நமக்குக் கோமாரி இருக்கிறது. மாட்டிலிருந்து மானுக்கும் மானிலிருந்து மாட்டுக்கும் வரும். மாடு குடிக்கும் தொட்டியிலேயே மானையும் குடிக்க விடுவது இரண்டு பக்கமும் ஆபத்து. உங்கள் மாட்டுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடுவது மானுக்கும் செய்கிற உதவிதான்.

இப்போது நான் செய்வது

வீட்டு முன்னால் இருந்த தொட்டியை எடுத்துவிட்டேன். காட்டை ஒட்டிய எல்லையில் 40 அடி அகலம், 218 அடி நீளம் அளந்து விட்டிருக்கிறேன். கணக்குப் போட்டால் 20 சென்ட். நாலரை ஏக்கரில் இது போனதால் நான் ஏழையாகவில்லை. இந்தப் பட்டையின் காட்டுப் பக்கம் வேலி கிடையாது. முள்கம்பியைச் சுருட்டி எடைக்குப் போட்டாயிற்று. பட்டைக்கும் பயிருக்கும் நடுவில்தான் வேலி. கிளுவைப் போத்து நெருக்கமாக ஊன்றி, அதன் உள்பக்கம் நொச்சியும் ஆடாதொடையும். ஆடு தொடாததை மானும் அநேகமாகத் தொடுவதில்லை. வேலியை ஒட்டிய முதல் பத்து வரிசை எள் அல்லது ஆமணக்கு. கடலையும் உளுந்தும் வீட்டுப் பக்கம். இது நூறு சதவீதம் காக்கிறது என்று சொல்லமாட்டேன். கிளுவை ஆள் உயரம் அடர்த்தியாக வர மூன்று வருஷம் ஆயிற்று, அதுவரை பழைய மீன்வலையும் புடவையும்தான் வேலி. மீன் அமிலம் தெளித்தால் நாற்றத்துக்கு நாலைந்து நாள் தள்ளி நிற்கும், ஒரு மழை பெய்தால் போச்சு.

பட்டைக்குள் நாவல், இலுப்பை, நெல்லி, அத்தி, இலந்தை நட்டேன். இடையில் களா, காரை, காட்டு எலுமிச்சை, வீரை. இவை நம் கடற்கரைச் சமவெளியின் பழைய காட்டுச் செடிகள். நர்சரியில் கேட்டால் முழிப்பார்கள். கோயில் காடுகளில் விழுந்த பழத்தைப் பொறுக்கி வந்து நாமே முளைக்க வைக்க வேண்டும். ஆவணியில் குழி எடுத்து, முதல் மழைக்குப் பிறகு நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். கன்றுக்குச் சுற்றி முள் கட்டாமல் விட்டால் ஒரு ராத்திரியில் காலி. ஆண் மான் பின்னங்காலில் எழுந்து நின்று தழை பறிக்கும், கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும். ஆறடிக்குக் குறையாமல் கருவேல முள் கட்டுங்கள். மானுக்காக நடும் கன்றை மானிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

தண்ணீர் பட்டையின் காட்டோர மூலையில். தரையோடு தரையாக ஒரு பக்கம் சரிவாக விட்ட ஆழமில்லாத குழி, அடியில் களிமண் இடித்தது. மாசி முதல் ஆடி வரை மட்டும் நிரப்புவோம். மழை வந்தால் நிறுத்திவிடுவேன். பழகிவிடக்கூடாது.

தொழிற்சாலைப் பக்க எல்லையில் மானுக்கான எதையும் நடவில்லை. அந்தப் பக்கத்து இலையை விரலால் தடவினால் விரல் கருப்பாகிறது. அங்கே வேம்பும் புங்கனும் தூசிக்குத் தடுப்பாக நெருக்கமாக நிற்கின்றன.

சிலர் விதைப்பந்து செய்து காப்புக்காட்டுக்குள் எறிகிறார்கள். அனுமதியில்லாமல் உள்ளே போவதே தப்பு. எந்த விதை எங்கே முளைக்கலாம் என்று தெரியாமல் எறிவது அதைவிடத் தப்பு. உங்கள் எல்லைக்குள் செய்யுங்கள்.

மரத்துக்கு முன்னால் செய்யவேண்டியது கிணறு. நம் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் எத்தனை! நாய் துரத்தி ஓடி வரும் மான் ராத்திரியில் நேராக உள்ளே விழும். சுவர் கட்டுங்கள், முடியாவிட்டால் வலையாவது போடுங்கள். மின் வேலியில் வீட்டுக் கரன்ட் விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், மனுஷனையும் கொல்லும், ஜெயிலுக்கும் அனுப்பும்.

நாய் விஷயம் ஒரு ஆளால் ஆகாது. எங்கள் ஊரில் மூன்று இறைச்சிக் கடைக்காரர்களிடம் பேசி, கழிவைக் குழி தோண்டிப் புதைக்க இடம் காட்டினோம். இரண்டு பேர் கேட்டார்கள். ஊராட்சியில் நாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம், மூன்றாவது மனு. ராஜஸ்தானில் பிஷ்னோய் மக்கள் ஊர்களில் வெளிமான் வயலில் பயமில்லாமல் மேய்கிறது என்று கேட்டிருப்பீர்கள். 1730-ல் வன்னி மரங்களைக் காக்க கேஜர்லி ஊரில் 363 பேர் உயிரைக் கொடுத்த சமூகம் அது. அங்கே மான் ஒருத்தர் நிலத்தில் தின்றால் பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருவதில்லை, ஏனென்றால் அவர் நிலத்திலும் அதே ஏற்பாடுதான். நான் 2019-ல் தனியாக விருந்து வைத்துவிட்டுச் செலவை அடுத்தவர் கணக்கில் எழுதினேன். இப்போது பக்கத்து நிலத்துக்காரரும் காட்டோரம் 15 அடி விட்டிருக்கிறார். கேட்டு வாங்க இரண்டு வருஷம் ஆனது.

பயிர்ச் சேதம் ஆனால் கோபத்தில் எதையும் செய்யாதீர்கள். தேதியோடு போட்டோ, சிட்டா, அடங்கல் நகல் வைத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். நிவாரணம் வருவது மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் காகிதம் இல்லாதவனுக்கு எதுவுமே வராது. முப்பத்தைந்து வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

புல்லுக்குள் குட்டி தனியாகப் படுத்திருந்தால் தொடாதீர்கள். தாய் விட்டுவிட்டுப் போகவில்லை. ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. நாம் தூக்கி வந்து பால் கொடுத்தால் குட்டியும் பிழைக்காது, சட்டப்படி குற்றமும் ஆகும். தள்ளி நின்று நாய் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தக் கோடையில் பட்டைக்குள் எத்தனை மான் வந்தது என்று எனக்குத் தெரியாது. ராத்திரி டார்ச் அடிப்பதை விட்டுவிட்டேன். குழி ஓரத்தில் குளம்புத் தடம் இருக்கிறது, இலந்தை மரத்தடியில் புழுக்கை கிடக்கிறது. போன பனிக்காலத்தில் வேப்ப மரத்தடியில் நெல்லிக்கொட்டை ஒரு பிடி கிடந்தது. அங்கே நெல்லி மரம் கிடையாது. பெரியவர்தான் காட்டினார். அப்படியே விட்டிருக்கிறோம், மூன்று முளைத்திருக்கிறது.

ஊத்துக்கோட்டை நண்பர் போன வாரம் மறுபடி பேசினார். அவர் நிலத்தில் சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று இருக்கிறதாம், கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறாராம். நாவல் கன்று எத்தனை வாங்கட்டும் என்று கேட்டார். சுவர் எழும்பினதும் போட்டோ அனுப்புங்கள், அப்புறம் கன்றைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.